இரண்டாம் சூளைக்கு எழுதிய சீட்டு

அந்தச் சீட்டில் இருந்தவை இரண்டே வரிகள். இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். புரிந்துவிட்டது என்றும் நினைத்தேன். அந்த நினைப்பினால் ஒரு மனிதர் அன்று செத்துப்போயிருக்கக்கூடும்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, விருத்தாசலத்துக்கு வெளியே இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ், ஊறுகாய் ஜாடி எல்லாம் செய்கிற இடம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்டர்வியூவில் மேனேஜர், இங்கிலீஷ் எப்படி என்று கேட்டதற்கு, "வெரி குட், சார்" என்று கூசாமல் சொல்லியிருந்தேன். அந்தப் பதிலைக் காப்பாற்றுவதே அந்த மூன்று மாதமும் எனக்கு வேலையாக இருந்தது.

மேனேஜர் வங்காளத்துக்காரர். கல்கத்தாவில் பீங்கான் தொழில் படித்தவர். தமிழில் 'வா', 'போ', 'சீக்கிரம்' தவிர வேறு வராது. காலையில் சூளைகளைச் சுற்றி வருவார். சொல்ல வேண்டியதைச் சட்டைப்பை நோட்டில் கிறுக்கிக் கிழித்து ஆபீசுக்கு அனுப்புவார். பெரிய கிளார்க் அதைப் படித்து ஆளாளுக்குத் தமிழில் சொல்வார். அன்றைக்குப் பெரிய கிளார்க் கம்பெனி வேலையாகக் கடலூர் போயிருந்தார்.

பத்தரை மணி இருக்கும். பியூன் சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 'இரண்டாம் சூளை மேற்குப் பக்க ஃபயர்மேனை உடனே ரிலீவ் செய்யவும். ஆள் ஃபிட் இல்லை.' இங்கிலீஷில் அவ்வளவுதான்.

'ரிலீவ்' என்ற அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே அறிவேன். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டோர் கிளார்க் ஒருவரை வேலையிலிருந்து எடுத்தபோது அவருக்கான ஆர்டரை அடித்ததே நான்தான். 'இன்று முற்பகல் முதல் தாங்கள் பணியிலிருந்து ரிலீவ் செய்யப்படுகிறீர்கள்.' அந்த மாதங்களில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்திருந்தது. ஒரு சூளையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. களிமண் பிசைகிறவர்களும் அதை அச்சில் அழுத்துகிற பெண்களும்கூட அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். "அவர ரிலீவ் பண்ணிட்டாங்களாம்" என்று தணிந்த குரலில் சொல்வார்கள், ஏதோ தொற்றுநோயின் பேரைச் சொல்கிற மாதிரி.

ஆனாலும் உள்ளே ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே மேனேஜரின் ஜீப் நின்றிருந்தது. களிமண் பார்க்க நெய்வேலிப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுந்துபோய், "சார், வேலையை விட்டே நிறுத்தவா சொல்கிறீர்கள்?" என்று கேட்க நேரம் இருந்தது. இருபது அடிதான். கேட்டால், 'இது கூடத் தெரியாதா?' என்று நினைப்பாரே என்று உட்கார்ந்திருந்தேன். ஜீப் கேட்டைத் தாண்டிப் போயிற்று.

பழைய ஆர்டரைப் பார்த்துப் புது ஆர்டரை அடித்து, கையெழுத்துக்காக மேனேஜர் மேஜையில் வைத்தேன். 'உடனே' என்று எழுதியிருந்ததால் சீட்டை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தேன்.

இரண்டாம் சூளை நெருப்பு ஏறிக் கொதியில் இருந்தது. கீழே சுற்றிலும் எட்டு அடுப்பு வாய்கள். இரண்டு ஃபயர்மேன்கள் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்று ஆளுக்கு நான்கு வாயாகப் பிரித்துக்கொண்டு கரி அள்ளிப் போடுவார்கள். ஒரு வாய் பசித்தாலும் உள்ளே சூடு இறங்கிவிடும். உள்ளே அடுக்கியிருக்கும் ஆயிரக்கணக்கான சாமான்களும் மங்கி வீணாகும். முந்தின நாள் காலையில் மூட்டிய நெருப்பு அது. அன்று மாலைக்குள் முழுச்சூடு வந்தாக வேண்டும்.

மேஸ்திரியிடம் சீட்டைக் காட்டிச் சொன்னேன்.

"என்னாம்மா சொல்லுற? சூளை கொதியில இருக்குது. இப்பப் போயி யாராச்சும் ஆள நிறுத்துவாங்களா?"

"உடனேன்னு எழுதியிருக்காரு, மேஸ்திரி."

"நல்லாப் படிச்சுப் பாரு."

"படிச்சுட்டேன். ஆளு ஃபிட் இல்லன்னும் போட்டிருக்காரு. வேலைக்கு லாயக்கு இல்லையாம்."

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "ஒம்போது வருசமா வெந்தவன் அவன். என் வாயால சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்க."

போனேன். மேற்குப் பக்கத்து ஃபயர்மேன் நாற்பது வயதுக்காரர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். காக்கி அரை டிரவுசர், கறுத்த பனியன். மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் சீட்டைப் பார்த்தே சொன்னேன்.

"அண்ணே, மேனேஜர் சீட்டு குடுத்திருக்காரு. உங்கள வேலையிலேர்ந்து நிறுத்தச் சொல்லியிருக்காரு. இன்னிலேர்ந்தே."

அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. அவர் காதில் விழவில்லையோ என்று திரும்பச் சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றார்.

மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். தொட்டியில் கை கால் கழுவினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்துபோனார். கோபத்தில் அப்படி நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் மணி நேரத்துக்குள் செய்தி கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. களிமண்ணை அழுத்தும் அச்சு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தச் சத்தம் நிற்பதை நான் அதுவரை வேலை நேரத்தில் கேட்டதே இல்லை. நாற்பது ஐம்பது பேர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் அச்சுப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா. கை முழுக்க வெள்ளைக் களிமண்.

"எங்க அந்தச் சீட்டு? படி."

படித்தேன்.

"எங்களுக்குப் புரியறாப்புல சொல்லு. என்னா தப்பு செஞ்சாரு அவரு?"

"தப்புன்னு எதுவும் எழுதல."

"தப்பு இல்லாம நிறுத்துவாங்களா? இன்னிக்கு அவரு, நாளைக்கு யாரு? மேனேஜரு வர்ற வரைக்கும் ஒருத்தரும் மிஷினத் தொடமாட்டோம்."

அவர்களுக்குப் பின்னால் சூளைப் பக்கமிருந்து மேஸ்திரி கத்தினார். மற்ற ஃபயர்மேன் ஒருவரே எட்டு வாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு மேஸ்திரியே கரி அள்ளிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது வாயி அணையுதுடா! யாராச்சும் வாங்கடா!" யாரும் நகரவில்லை.

உள்ளே போனேன். கூப்பிடாமல் மேனேஜர் அறைக்குள் நான் நுழைந்ததில்லை. அன்று நுழைந்தேன். அலமாரியில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி இருந்தது. நின்றபடியே புரட்டினேன். நான் பிடித்த அர்த்தம் சரிதான் என்று காட்ட ஏதாவது கிடைத்தால் போதும் என்றுதான் புரட்டினேன்.

அந்த ஒரு வினைச்சொல்லுக்கு அரைப் பத்தி இடம் கொடுத்திருந்தார்கள். வலியைத் தணிப்பது. கவலையைக் குறைப்பது. எதிரிகள் வளைத்துக்கொண்ட ஊருக்குப் படை அனுப்பி மீட்பது. வேலையில் நிற்பவருக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்தி அவரை ஓய்வெடுக்க அனுப்புவது. அதற்குக் கீழேதான் பதவியிலிருந்து நீக்குவது வந்தது. அந்த அர்த்தத்துக்குக் கூடவே 'ஆஃப்' என்ற சின்னச் சொல் வர வேண்டும் என்று உதாரணத்தோடு போட்டிருந்தது. வேலையி'லிருந்து' என்கிறோமே, அந்த 'இருந்து'.

சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஆஃப்' இல்லை. நான் அடித்து மேஜையில் வைத்திருந்த ஆர்டரைப் பார்த்தேன். அதில் இருந்தது. அதை நானாகப் போட்டிருந்தேன்.

'ஃபிட் இல்லை' என்பதும் அப்போதுதான் உறைத்தது. உடம்பு சரியில்லாத ஆளுக்கு ஷிஃப்ட் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காய்ச்சலோடு நின்ற மனிதரை, வேலை போய்விட்டது என்று சொல்லி, வெயிலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வாசலுக்கு வந்தேன். அங்கிருந்து பின்பக்கமாக வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை.

"அக்கா, நான் தப்பாப் படிச்சுட்டேன். அவர நிறுத்தச் சொல்லல. அவருக்கு ஒடம்பு முடியல, வேற ஆள அனுப்பி வூட்டுக்கு அனுப்புங்கன்னு எழுதியிருக்காரு. தப்பு என்னுது. மேனேஜரு மேல ஒண்ணும் இல்ல."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். அந்த அக்கா என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பன்னா, போயி அவரக் கூட்டியா" என்றாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, "நிக்கிறீங்களே, சூளைக்குப் போங்க!" என்று அதட்டினாள்.

ஜட்கா வண்டி பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே அவர் இல்லை. கருவேப்பிலங்குறிச்சி வழியாகச் சேத்தியாத்தோப்பு போகிற பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். பஸ் புறப்படுவதற்குள் உயிர் போய் வந்தது. ரயில் தண்டவாளமும் வெள்ளாறும் மாறி மாறிக் கண்ணில் வந்தன. ஒன்பது வருட வேலை ஒரு நிமிஷத்தில் போன மனிதர் என்ன செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி, பீங்கான் கம்பெனிக்காரர் வீடு என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி வாசலில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வந்துட்டாங்களா?"

"காலைல ஷிஃப்டுக்குப் போனவங்க. சாயங்காலம்தான் வருவாங்க. நீங்க யாரு?" என்றவர் என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். மடியிலிருந்த மல்லாட்டை தரையெல்லாம் சிதறியது. "சூளைல எதுனா ஆயிடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார். ரோட்டுக்கு வந்து, விருத்தாசலம் திரும்புகிற பஸ்ஸை நிறுத்தினோம். ஆளுக்கு ஒரு பக்க ஜன்னலில் உட்கார்ந்து, ரோட்டோரம் கிடக்கிற துணி மூட்டையைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டே வந்தோம்.

பாதி வழியில் அவர் கேட்டார். "வேலைய விட்டுத் தொறத்துறதுக்கும், போயி படுங்கன்னு சொல்லுறதுக்கும் அவங்களுக்கு ஒரே வார்த்தையா?"

"ஆமாக்கா."

"அதை வச்சிக்கிட்டு எப்பிடித்தான் பொழைக்கிறாங்களோ."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தார். அவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன்.

"காக்கி டிரவுசரு, தூக்குவாளி வச்சிருந்தவரா? நாங்க அந்தப் பக்கம் போறப்ப ஏறுனாரும்மா. வண்டில வாந்தி எடுத்தாரு. நெறுத்துங்க, எறங்கிக்கிறேன்னாரு. ஒக்காருங்கன்னு சொன்னேன், கேக்கல."

"எங்க எறங்குனாரு?"

"இதோ, கரும்பு கொல்லைகிட்டதான்." விசிலை எடுத்து ஊதினார்.

இறங்கி இருவரும் ஓடினோம். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. வரப்பில் ஒரு பம்ப்செட் கொட்டகை தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டது தூக்குவாளி. மூடி திறந்து வாய்க்கால் ஓரம் கிடந்தது. பக்கத்தில் தண்ணீருக்குள் இரண்டு கால்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் மனைவிதான் போய்க் குனிந்தார். "யோவ்... யோவ்..." என்று தோளை உலுக்கினார்.

கால் அசைந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது கண் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்பு தணலாய்க் கொதித்தது. மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மண்டியிட்டு, தப்பாகப் படித்ததைச் சொன்னேன். வேலை போகவில்லை, அது என் தவறு என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"என் அடுப்பு வாயில இப்ப யாரு கரி போடுறா?"

"மேஸ்திரி போடுறாருண்ணே."

"அவருக்குத் தோள்பட்டை தாங்காதே" என்று சொல்லி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ரோட்டில் காலி டிராக்டர் ஒன்றை மறித்து, டிரைவரும் சேர்ந்து மூன்று பேருமாகத் தூக்கிப் போட்டு விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டைபாய்டு என்றார் டாக்டர். அந்த உடம்போடு சூளை முன்னால் நின்றதே பெரிசு என்றும், இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். வராந்தாவில் நின்று நானும் அவர் மனைவியும் அதைக் கேட்டோம். பிறகு அந்த அம்மா என்னிடம், "நீங்க போங்க, உங்க ஆபீசுல தேடுவாங்க" என்றார். அன்று அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கம்பெனிக்குத் திரும்பியபோது ஐந்து மணி. ஜீப் நின்றிருந்தது. மேனேஜர் சூளையின் ஓட்டை வழியாக நீலக் கண்ணாடி பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆபீசுக்கு வருகிற வரை நின்றிருந்து, சீட்டையும் நான் அடித்த ஆர்டரையும் அகராதியையும் அவர் முன்னால் வைத்தேன். தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கணம் தாறுமாறாக வந்தது. அன்று முதல் தடவையாக அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

"நான் போவதற்கு முன் ஏன் கேட்கவில்லை?" என்றார்.

"எனக்குத் தெரியாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால், சார்."

கையிலிருந்த நீலக் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு நான் அடித்த ஆர்டரை எடுத்து நான்காகக் கிழித்தார். வேலையை விட்டு அனுப்பப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தன்னுடைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆளை அனுப்பு என்று எழுதியிருக்கலாம். ஒரு வரிதானே" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கா, தெரியாது. என் தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். தண்டனை அவ்வளவுதான்.

சூளை ஆறி, திறந்தபோது அந்த ஃபயர்மேன் பக்கத்து அடுக்குகளில் பாதிக்கு மேல் மங்கலாக வந்திருந்தன. பளபளப்பு ஏறாத குமிழ்களைக் கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தார்கள். அச்சுப் பிரிவுப் பெண்கள் அந்தக் குவியலைத் தாண்டித்தான் சாப்பிடப் போவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அது பல மாதம் நீடித்தது.

அந்த ஃபயர்மேன் ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். எழுந்து நின்றேன். சொல்லிப் பார்த்துவைத்திருந்த மன்னிப்பை நான் தொடங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வேலையப் பத்தி எனக்கு வருத்தமில்லம்மா" என்றார். "பாப்பா" இல்லை. "மண்ணு வெட்டியாச்சும் பொழைச்சிருப்பேன். நீ சொன்ன நேரம் எனக்கு நிக்க முடியல. மம்முட்டியப் புடிச்சுக்கிட்டுத் தொங்கிக்கிட்டு இருந்தேன். நீ என்னை ஒரு தரம் நிமிந்து பாத்திருந்தீன்னா, அந்தச் சீட்டுல என்னா எழுதியிருக்குன்னு ஒனக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டு தரம் சொன்ன. ரெண்டு தரமும் காகிதத்தையே பாத்த."

"ஆமாண்ணே" என்றேன்.

"சரி, போவுது" என்று சொல்லிவிட்டுச் சூளைக்குப் போனார்.

அதன்பின் நான் அங்கே எட்டு வருடம் இருந்தேன். மேனேஜர் எழுதும் ஒவ்வொரு சீட்டையும் அவர் எதிரிலேயே படித்து, நான் புரிந்துகொண்டதைச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே எடுத்துப்போவேன். முதலில் எரிச்சல்பட்டார். போகப்போகச் சீட்டை நீட்டும்போதே "படி" என்பார். அந்த ஃபயர்மேன் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. பார்த்தால் சிரிப்பார். வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார். போனேன். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். ஆனால் கம்பெனியிலிருந்து அவருக்கு ஏதாவது காகிதம் வந்தால், அதை என்னிடம் கொண்டுவர மாட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெரிய கிளார்க் வருகிற வரை காத்திருப்பார்.